காஸ்வொர்த் டி.எஃப்.வி. என்ஜின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டி.எஃப்.வி. என்பது என்ன என்ஜின்?

ஃபார்முலா 1 பந்தயத்துக்கென்றே இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டனில் காஸ்வொர்த் நிறுவனம் செய்த 3 லிட்டர் வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்). சாலையில் ஓடும் காரின் என்ஜினை எடுத்துக் குடைந்து, மெருகேற்றிப் பந்தயத்துக்கு அனுப்பியது அல்ல. திறந்த சக்கர காரின் பின்பாதியாகவே இருக்க வேண்டும் என்று முதல் கோட்டிலிருந்து வரையப்பட்டது. 1967 ஜூன் 4 அன்று ஸாண்ட்வோர்ட்டில் நடந்த டச்சு கிராண்ட் பிரீயில் லோட்டஸ் 49 காரில் முதன்முறையாக இறங்கியது, அன்றே ஜிம் கிளார்க் ஓட்டி ஜெயித்தார். 1983 வரை உலக சாம்பியன்ஷிப்பில் 155 வெற்றிகள், ஓட்டுநர்களுக்கு 12 பட்டங்கள், அணிகளுக்கு 10 பட்டங்கள்.

இத்தனைக்கும் களத்திலிருந்த என்ஜின்களில் அதிகக் குதிரைத்திறன் எல்லா வருடமும் இதனிடம் இருந்ததில்லை. காரோடு எப்படிச் சேர்கிறது என்பதில்தான் இதன் பலம். கீழே வரும் பல பதில்கள் அங்கேயே போய் நிற்கும்.

பெயருக்கு என்ன அர்த்தம்?

'டபுள் ஃபோர் வால்வ்' என்பதன் சுருக்கம். இதற்கு முன்பு காஸ்வொர்த் ஃபார்முலா 2-க்காக எஃப்.வி.ஏ. என்ற 1.6 லிட்டர் நான்கு சிலிண்டர் என்ஜினைச் செய்திருந்தது. ஃபோர்டு கார்ட்டினா காரின் பிளாக்கின்மேல் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்) சிலிண்டருக்கு நான்கு வால்வு கொண்ட புதிய ஹெட்டை (மேல்மூடியை) வைத்த என்ஜின் அது. அந்த யோசனையை இரட்டிப்பாக்கி, 90 டிகிரியில் இரண்டு வரிசையாக நிறுத்தினால் டி.எஃப்.வி. காஸ்வொர்த் என்பதும் ஒட்டுப்பெயர்தான்: மைக் காஸ்டின், கீத் டக்வொர்த் இருவரும் 1958-ல் தொடங்கிய நிறுவனம். இந்த என்ஜினை வரைந்தவர் டக்வொர்த்.

பணம் போட்டது யார்?

ஃபோர்டு. 1966-ல் ஃபார்முலா 1 விதி 1.5 லிட்டரிலிருந்து 3 லிட்டருக்கு மாறியது. அதுவரை பிரிட்டிஷ் அணிகளுக்கு என்ஜின் கொடுத்துவந்த கவென்ட்ரி கிளைமாக்ஸ் விலகிக்கொண்டது. நல்ல என்ஜின் இல்லாமல் தவித்த லோட்டஸ் அதிபர் காலின் சாப்மன் ஃபோர்டு பிரிட்டனின் வால்டர் ஹேய்ஸைப் பிடித்தார். ஃபார்முலா 2 என்ஜினையும் சேர்த்து 1,00,000 பவுண்டு என்று முடிவானது. பெரிய நிறுவனங்கள் என்ஜினுக்குச் செலவழிப்பதை வைத்துப் பார்த்தால், ஃபோர்டு போட்ட காசுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வாய்த்திருக்காது.

முதல் வருடம் லோட்டஸுக்கு மட்டும். 1968 முதல் மற்ற அணிகளும் வாங்கலாம் என்று ஃபோர்டு கதவைத் திறந்துவிட்டது. அதன்பின் ஒரு டி.எஃப்.வி., ஒரு ஹியூலண்ட் கியர்பாக்ஸ், சுமாரான ஒரு பட்டறை இருந்தால் ஃபார்முலா 1-ல் கார் இறக்கலாம் என்ற நிலை வந்தது. 1969-லும் 1973-லும் உலக சாம்பியன்ஷிப்பின் எல்லாப் பந்தயங்களையும் இந்த ஒரே என்ஜின்தான் ஜெயித்தது.

அடிப்படை அளவுகள்?

90 டிகிரி வி8. போர் (சிலிண்டரின் விட்டம்) 85.67 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 64.9 மி.மீ., கொள்ளளவு 2,993 சி.சி. அலுமினியக் கலவை பிளாக், அதற்குள் தண்ணீரில் நிற்கும் வார்ப்பிரும்பு லைனர்கள் (பிஸ்டன் ஓடும் உறைகள்), ஐந்து மெயின் பேரிங், ஒரே தளத்தில் அமைந்த கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு). வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் வரிசைக்கு இரண்டாக நான்கு, மொத்தம் 32 வால்வு. எடை சுமார் 168 கிலோ. 1967-ல் 9,000 ஆர்.பி.எம்.மில் சுமார் 400 குதிரைத்திறன்.

வால்வுகளுக்கு நடுவே 32 டிகிரி மட்டும் என்பதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்?

அதற்கு முந்தைய பந்தய என்ஜின்களில் பெரும்பாலும் சிலிண்டருக்கு இரண்டு பெரிய வால்வுகள்தான். அவற்றுக்கு இடம் வேண்டுமே என்று காற்று நுழையும் இன்லெட்டையும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட்டையும் 60 டிகிரிக்கும் மேலாக விரித்து வைப்பார்கள். ஹெட்டில் அரைக்கோளக் குழி விழும். அழுத்த விகிதத்தை உயர்த்த வேண்டுமானால் பிஸ்டன் தலையைக் குன்றுபோல எழுப்பி அந்தக் குழிக்குள் செருக வேண்டும். மிஞ்சுவது ஆரஞ்சுத் தோல் வடிவில் ஒரு மெல்லிய இடுக்கு. தீ அதைச் சுற்றிவளைத்து ஓட நேரம் பிடிக்கும், போகிற வழியில் சூடும் சுவர்களுக்குப் போய்விடும்.

டக்வொர்த் நான்கு சிறிய வால்வுகளை வைத்து, அவற்றைக் கிட்டத்தட்ட நேராக நிமிர்த்தினார். எஃப்.வி.ஏ.வில் 40 டிகிரியாக இருந்த கோணம் டி.எஃப்.வி.யில் 32 ஆனது. அறை தாழ்வான கூரை போலாகிறது. பிஸ்டன் தலை தட்டையாகவே இருக்கலாம், வால்வுக்கு வழிவிடும் வெட்டுகள் மட்டும் போதும். பிளக் நட்டநடுவில். தீ எல்லாத் திசையிலும் சம தூரம் ஓடினால் போதும். ஹெட்டும் ஒடுங்குகிறது, என்ஜின் மொத்தமாகவே இளைக்கிறது. பத்து வருடம் கழித்து இந்த ஒடுக்கம் எப்படிக் கைகொடுத்தது என்பது கீழே வரும். இன்று சாலையில் ஓடும் நான்கு வால்வு கார்கள் பெரும்பாலானவற்றின் ஹெட்டைத் திறந்தால் இதே அமைப்பின் சாயலைக் காணலாம்.

என்ஜினே சேசிஸ் (காரைத் தாங்கும் சட்டம்) என்கிறார்களே, அது எப்படி?

லோட்டஸ் 49-ன் உடல் ஓட்டுநரின் முதுகோடு முடிந்துவிடும். அதற்குப் பின்னால் சட்டமோ குழாயோ கிடையாது. என்ஜின் நேராக அந்தச் சுவரில் போல்ட் ஆகிறது, என்ஜினின் பின்பக்கம் கியர்பாக்ஸ், பின்சக்கர சஸ்பென்ஷன் இந்த இரண்டையும் பிடித்துத் தொங்குகிறது. பின்சக்கரங்கள் தரும் இழுப்பு, முறுக்கு எல்லாமே பிளாக் வழியாகத்தான் முன்னால் போக வேண்டும். என்ஜினைச் சுமைதாங்கியாக வைத்தது இதுவே முதல் முறை அல்ல. 1954-ன் லான்சியா டி50 முதலே அந்த முயற்சி உண்டு. ஆனால் ஆரம்பத்திலேயே அதற்கென்று கணக்குப் போட்டு, நாலே போல்ட்டில் முடித்ததை எல்லோரும் பின்பற்றினார்கள்.

அந்த நாலு போல்ட்டைக் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. கீழே இரண்டு, சம்ப்பின் (ஆயில் வந்து விழும் அடிப்பகுதி) முன்முனைக் காதுகளில். மேலே இரண்டு, கேம் கவரின் முன்முனையிலிருந்து வரும் மெல்லிய தகடுகளில். மேலேயும் ஏன் கனமான காது வைக்கவில்லை? 400 மி.மீ. நீள அலுமினியம் 80 டிகிரி சூடேறினால் சுமார் முக்கால் மி.மீ. நீளும். மேலும் கீழும் அசையாமல் கட்டிவைத்தால், சூடான என்ஜின் காரின் உடலைப் பிளக்கப் பார்க்கும், அல்லது தன் காதையே உடைத்துக்கொள்ளும். தகடு முன்பின் இழுப்புக்கு விறைப்பாக நிற்கும், என்ஜின் வீங்கும் திசையில் மட்டும் வளைந்து கொடுக்கும்.

இதில் வரும் கோளாறுகளும் அங்கேதான். தகட்டின் மூலைகளிலும் போல்ட் துளை ஓரத்திலும் முடிக்கற்றை போல விரிசல் தொடங்கும். என்ஜினைக் கழற்றும்போதெல்லாம் சாயம் ஊற்றிப் பார்க்கும் சோதனை செய்ய வேண்டும். தகடு தடிமனாக இருந்தால் பலம் என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். அது விட்டுக்கொடுக்காது, விரிசல் மெக்னீசிய வார்ப்பான கேம் கவருக்கு இடம் மாறும். மெக்னீசியத்துக்கு ஈரமும் ஆகாது. வெள்ளையாகப் பொரிந்திருந்தால் சுரண்டி வண்ணம் பூசி மறைக்காமல், எவ்வளவு ஆழம் அரித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

6,500 ஆர்.பி.எம்.முக்குக் கீழே இழுவையே இல்லை என்பது உண்மையா?

முதல் கட்ட என்ஜின்களில் உண்மை. இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் வெகுநேரம் சேர்ந்தே திறந்திருக்கும் கேம் அது. வேகம் ஏறிய பிறகுதான் குழாய்களுக்குள் ஓடும் அலைகள் ஒத்துழைக்கும். அதனால் 6,500 வாக்கில் சக்தி ஒரேயடியாக வந்து விழும், வளைவின் நடுவே வந்தால் பின்சக்கரம் வழுக்கிவிடும். லோட்டஸ் போட்ட மருந்து எளிமையானது: பெடலின் முதல் பாதியில் த்ராட்டில் மெதுவாகவும் பின்பாதியில் வேகமாகவும் திறக்கும்படி இணைப்புத் தண்டை மாற்றியது. பிற்பாடு வந்த என்ஜின்களில் கேமும் எரிபொருள் அளவும் சீர்பட்டு, அடி இழுவை கூடியது.

டைமிங் கியர்தான் பலவீனம் என்கிறார்கள். சரியாக என்ன நடக்கிறது?

ஸாண்ட்வோர்ட் அறிமுகத்தன்றே தெரிந்த பலவீனம் இது. முதலிடத்திலிருந்து புறப்பட்டு முன்னணியில் ஓடிய கிரஹாம் ஹில்லின் கார், லோட்டஸின் இன்னொரு 49, 11-வது சுற்றில் நின்றது. டைமிங் கியர் உடைந்திருந்தது.

கேம் ஷாஃப்டுகளைச் சுழற்றுவது கிராங்கின் முன்முனையிலிருந்து மேலே ஏறும் பற்சக்கர அணி. காகிதத்தில் கணக்குப் போட்டால் அதற்கு வேலை குறைவு. ஆனால் கேம் சீராகச் சுற்றுவதில்லை. ஒரு வால்வைத் திறக்கும்போது ஸ்பிரிங் கேமைப் பின்னுக்குத் தள்ளுகிறது. உச்சி தாண்டியதும் அதே ஸ்பிரிங் கேமை முன்னுக்கு உந்துகிறது. பல் இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி வாங்குகிறது. 9,000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 75 முறை திறந்து மூடுகிறது. கிராங்கிலிருந்து வரும் முறுக்கதிர்வும் இதனோடு சேர்ந்து, அணியின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் வேகத்தில் அடி பல மடங்காகிறது. பல்லின் வேரில் விரிசல் விழுந்து, பிறகு பல்லே உதிர்கிறது.

தடித்த பல் வைத்தால் கொஞ்ச நாள் தள்ளிப்போகுமே தவிரத் தீராது. டக்வொர்த் செய்தது வேறு. அணியின் நடுவிலுள்ள ஒரு கூட்டுச் சக்கரத்தின் குடத்துக்குள் 12 மெல்லிய எஃகுத் தண்டுகளை வட்டமாக வைத்தார். முறுக்கு அடி வரும்போது இந்தத் தண்டுகள் நூலளவு முறுங்கி அதை விழுங்கிக்கொள்ளும். ஸ்பிரிங் வைத்த கிளட்ச் தட்டு செய்யும் வேலைதான், ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கும் இடத்தில். நோய் அதோடு அடங்கியது, என்ஜின் மேலும் வேகமாகச் சுற்றவும் வழி பிறந்தது.

இதைப் பராமரிப்பவர் மறக்கக் கூடாதது: அந்தத் தண்டுகள் தேயும் பொருள் அல்ல, களைக்கும் பொருள். கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்தாலும் ஓடிய மணிக்கணக்கு முடிந்துவிட்டால் மாற்ற வேண்டும், மாற்றினால் 12-ஐயும் சேர்த்து. ஒன்று மட்டும் உடைந்திருக்கிறது என்று அதை மட்டும் போட்டால், மற்ற 11-ம் ஏற்கெனவே அதே தூரம் ஓடியவை. சேர்க்கும்போது ஒவ்வொரு சக்கர இணைப்பிலும் பற்களுக்கிடையிலான இடைவெளியை அளந்து குறித்துவையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது அந்தப் பழைய அளவுதான் பேசும்.

ஒரே தளக் கிராங்க் எதற்கு? அதிர்வு அதிகம் இல்லையா?

அதிகம்தான். தெரிந்தே எடுத்த முடிவு. எரியும் வரிசை 1-8-3-6-4-5-2-7. ஒவ்வொரு வரிசையையும் தனியாகப் பிரித்துப் பாருங்கள். வலப்பக்கம் 1-3-4-2, இடப்பக்கம் 8-6-5-7. இரண்டும் சாதாரண நான்கு சிலிண்டர் என்ஜினின் ஒழுங்கு. ஆகவே ஒரு பக்கத்து நாலு எக்ஸாஸ்ட் குழாயை அந்தப் பக்கத்திலேயே ஒன்றாகச் சேர்த்தால் துடிப்புகள் சம இடைவெளியில் வரும். குறுக்குத் தளக் கிராங்காக (வளைவுகள் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் நிற்பது) இருந்தால் இந்தச் சமத்துக்காகக் குழாய்களை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இழுத்துப் பின்ன வேண்டியிருக்கும். எதிர் எடை குறைவதால் கிராங்கும் இலேசு.

விலை, கிராங்கின் இருமடங்கு வேகத்தில் என்ஜினை இடவலமாக ஆட்டும் இரண்டாம்நிலை அதிர்வு. என்ஜின் தானே சேசிஸ் என்பதால் இடையில் ரப்பர் கிடையாது. ஆயில் குழாய், எக்ஸாஸ்ட் தாங்கி, ஒயர் இணைப்பு, பேட்டரி முனை என்று சுற்றியிருப்பவைதான் உடையும். எக்ஸாஸ்ட்டை விறைப்பாகப் போல்ட் பண்ணாமல் ஸ்பிரிங் கொக்கியில் தொங்கவிடுங்கள். எஃகுப் பின்னல் குழாய்க்கும் வளைந்து ஆட ஓர் அங்குலமாவது தளர்வு விடுங்கள். இழுத்துக் கட்டிய குழாய் அழகாகத் தெரியும், இணைப்பில் வெட்டிக்கொண்டு போகும்.

குதிரைத்திறன் 400-லிருந்து 480-க்குப் போனது எப்படி? பெரிதாக எதையும் மாற்றவில்லையே?

கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 9,000 ஆர்.பி.எம்.மில் 400 குதிரைத்திறன் என்றால் சிலிண்டருக்குள் பிஸ்டனைத் தள்ளும் சராசரிப் பயனழுத்தம் சுமார் 13.3 பார். எழுபதுகளின் பின்பகுதியில் 10,800 வாக்கில் சுமார் 480 குதிரைத்திறன் வந்தது. அதற்கும் கணக்குப் போட்டால் அதே 13.3 பார். அதாவது ஒவ்வொரு வெடிப்பின் பலமும் முதல் வருடமே உச்சத்துக்குக் கிட்டே இருந்தது. கூடியது வேகம் மட்டும்.

வேகம் சும்மா வராது. பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் பிய்க்கப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 9,000-லிருந்து 10,800-க்குப் போனால் 44 சதவீதம் கூடுதல். அதனால் பத்து வருட உழைப்பும் போனது வால்வு ஸ்பிரிங் எஃகு, ராடு போல்ட், பிஸ்டன், ஆயில் வடிகால் ஆகியவற்றில்தான்.

ஆயில் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

டிரை சம்ப் அமைப்பு: சம்ப்பில் ஆயில் தேங்காது. விழுந்த ஆயிலை உறிஞ்சித் தனித் தொட்டிக்கு அனுப்பும் பம்புகளும், தொட்டியிலிருந்து பேரிங்குக்கு அழுத்தும் பம்பும் பிளாக்கின் அடிப்பக்க ஓரங்களில் தண்ணீர் பம்புகளோடு நீளவாக்கில் படுத்திருக்கும். தேங்கினால் கிராங்க் அதை மோர் கடைவது போலக் கடையும். சக்தி போகும், நுரை வரும், நுரை பேரிங்கைத் தாங்காது. வெளியே வருவது பாதி காற்றும் பாதி ஆயிலும் என்பதால், மையவிலக்கு முறையில் காற்றைப் பிரிக்கும் கருவியும் பிற்பாடு சேர்ந்தது.

தொட்டியில் ஆயில் அளவை என்ஜின் சூடாக ஓடி நின்ற உடனே பாருங்கள். மறுநாள் காலை பார்த்தால் ஆயில் கீழிறங்கி சம்ப்பில் கிடக்கும். தொட்டி குறைவாகத் தெரிகிறதே என்று ஊற்றினால், ஓடும்போது மூச்சுக்குழாய் வழியாக வெளியே கொட்டும். பின்டயரில் பட்டால் கார் சுவரில்தான்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஃபில்டரை வெட்டி, தாளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் எஃகு: கியர் பல், கேம், டாப்பெட் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவிலிருப்பது). ஒட்டாத சாம்பல் நிறப் பொடி பேரிங் பூச்சு. மினுக்கும் அலுமினியச் செதில் பிஸ்டன் அல்லது பம்ப் உடல். கொஞ்சம் பேரிங் பொடி புது என்ஜினில் சகஜம். எஃகுச் செதில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அன்று கார் ஓடக் கூடாது.

எரிபொருள் எப்படி அளந்து போகிறது?

லூகாஸின் இயந்திர இன்ஜெக்ஷன். எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது. சுமார் 7 பார் அழுத்தத்தில் வரும் பெட்ரோல், சுழலும் ஓர் உருளைக்குள் இரு தடுப்புகளுக்கு நடுவே ஓடும் சிறு ஷட்டிலைத் தள்ளுகிறது. ஒரு முறை தள்ளினால் ஒரு சிலிண்டருக்கு ஒரு அளவு. ஷட்டில் எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதை த்ராட்டிலோடு சேர்ந்து நகரும் ஒரு கேம் தீர்மானிக்கிறது. அந்தக் கேமின் வளைவுதான் என்ஜினின் குணம். ஒரு வளைவு ஒரு பந்தயத் திடலில் அருமையாகவும், மேட்டில் இருக்கும் இன்னொன்றில் கரும்புகையாகவும் போகும், காற்றின் அடர்த்தி அதற்குத் தெரியாது என்பதால்.

ஷட்டிலுக்கு மசகு பெட்ரோல்தான். பம்ப் காய்ந்து ஓடினால் உருளை கீறிவிடும், அதன்பின் எந்த அளவும் நிலைக்காது. மாதக்கணக்கில் காரை நிறுத்துவதானால் பெட்ரோலை வடித்துவிட்டு மெல்லிய காப்பு எண்ணெய் நிரப்புங்கள்.

த்ராட்டில் பட்டாம்பூச்சித் தகடு அல்ல, நழுவும் பலகை. முழுதாகத் திறந்தால் குழாய்க்குள் குறுக்கே ஒன்றுமே நிற்காது, காற்றுக்குச் சுகம். ஆனால் மணல் துகள் ஒன்று ஓடுதடத்தில் சிக்கினாலும் பலகை திறந்தபடி நின்றுவிடும். காரை வெளியே எடுக்கும் முன் கையால் முழுதும் திறந்து விடுங்கள். ஸ்பிரிங்கின் பலத்தில் டக்கென்று சத்தத்தோடு மூட வேண்டும். மெதுவாகத் திரும்பினால் கழற்றித் துடைக்காமல் விடாதீர்கள். குளிர்ந்த நிலையில் ஒரு முறை, சூட்டில் ஒரு முறை பார்ப்பது நல்லது, சூட்டில் பலகை இறுகும் என்ஜின்களும் உண்டு.

ஸ்டார்ட் செய்யும் முறை?

சாவியைத் திருப்பி எழுப்பும் என்ஜின் அல்ல இது. முதலில் வெளி ஹீட்டரிலிருந்து சுடுதண்ணீரை என்ஜினுக்குள் ஓடவிட்டு 50-60 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், முடிந்தால் ஆயில் தொட்டியையும். குளிர்ந்த கெட்டி ஆயில் பம்ப் ஓட்டியை முறிக்கவும் கூடும், ஃபில்டரைத் தாண்டிப் பாயவும் கூடும். பிளக்குகளையும் சூடேற்றுவதற்கென்று இருக்கும் மென்மையான வகையாகப் போடுங்கள். பந்தயப் பிளக் குறைந்த வேகத்தில் கரி பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, இக்னிஷனும் எரிபொருள் பம்பும் இரண்டுமே அணைந்த நிலையில் ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஆயில் அழுத்த முள் எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பவில்லையானால் நிறுத்திக் காரணம் தேடுங்கள். இங்கே பலர் செய்யும் தவறு, எரிபொருள் பம்பை மட்டும் போட்டுவிட்டுச் சுற்றுவது. அளவுக் கருவி சுற்றினாலே பெட்ரோல் தெளிக்கும். எரியாத பெட்ரோல் லைனர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும், போதாக்குறைக்கு ஒரு சிலிண்டரில் தேங்கினால் ராடே வளையும்.

முள் எழுந்த பிறகு மின் பம்பைப் போட்டு அழுத்தம் 7 பாருக்கு வரட்டும். த்ராட்டிலை விரற்கடை திறந்து, இக்னிஷன் போட்டு, சுற்றுங்கள். பிடித்ததும் என்ஜினே ஓட்டும் இயந்திரப் பம்ப் வேலையை ஏற்கும், மின் பம்பை அணைத்துவிடலாம். 2,500-3,000-ல் நிதானமாக நிறுத்திவையுங்கள். அதற்குக் கீழே துடித்துத் துடித்து ஓடி டைமிங் கியர்களைத்தான் அடிக்கும். ஆயில் 60 டிகிரி தாண்டும்வரை உறுமவிட வேண்டாம், பார்வையாளர்கள் எவ்வளவு ஆசைப்பட்டாலும். பிறகு அணைத்து, பந்தயப் பிளக்குகளை மாற்றிவிட்டு வெளியே எடுங்கள்.

கியர் குறைக்கும்போது வேகம் எல்லை மீறிவிட்டது. என்ன செய்வது?

வேக வரம்புக் கருவி தீப்பொறியைத்தான் வெட்டும். நான்காம் கியருக்குப் பதில் இரண்டாம் கியர் விழுந்தால் பின்சக்கரம் கிராங்கைச் சுழற்றும், அதை எந்தக் கருவியும் தடுக்காது. வால்வு ஸ்பிரிங் கேமைப் பின்தொடர முடியாமல் வால்வு மிதக்கும், ஏறி வரும் பிஸ்டன் அதன் முகத்தில் இடிக்கும்.

உடனே ஓட்டத்தை நிறுத்திவிட்டு, சூடு ஆறுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரையும் காற்றுக் கசிவு சோதனைக்கு உட்படுத்துங்கள். அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை எரியும் உச்சியில் நிறுத்தி, கிராங்க் நகராமல் பிடித்து, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்ற வேண்டும். 5 சதவீதத்துக்குள் கசிவு என்றால் நலம். 10-ஐத் தாண்டினால் திறக்க வேண்டிய கட்டம். எண்ணைவிட முக்கியம், ஏழு சிலிண்டர் 4 காட்டி ஒன்று மட்டும் 9 காட்டுகிறதா என்பது. காதை வைத்துக் கேளுங்கள். இன்லெட் கொம்பில் சீறினால் இன்லெட் வால்வு வளைந்திருக்கிறது, எக்ஸாஸ்ட் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் தொட்டி மூச்சுக்குழாயில் என்றால் பிஸ்டன் வளையம். தண்ணீரில் குமிழி வந்தால் லைனரின் மேல்முனைச் சீல். பிறகு டாப்பெட் இடைவெளி. முன்பு குறித்த அளவிலிருந்து ஒன்று மட்டும் விலகியிருந்தால் அதன் வால்வு தண்டோ இருக்கையோ அடிபட்டிருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தாலும் ஸ்பிரிங்குகளையும் ராடு போல்ட்டுகளையும் அடுத்த பிரிப்பில் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள்.

இன்று பழைய ஃபார்முலா 1 கார்களுக்கான மாஸ்டர்ஸ் தொடரில் இந்த என்ஜினுக்கு 10,000 ஆர்.பி.எம். வரம்பு வைத்திருக்கிறார்கள். 11,000-க்கும் 10,000-க்கும் இடையே உள்விசையில் 21 சதவீத வித்தியாசம். இரண்டு பிரிப்புகளுக்கு நடுவே ஓடக்கூடிய தூரம் நீளுவது அதனால்தான்.

ஃபெராரியின் 12 சிலிண்டருக்குச் சக்தி அதிகமாயிற்றே. பிறகு எப்படி ஜெயித்தது?

எப்போதும் ஜெயிக்கவில்லை. 1975, 1977, 1979 ஓட்டுநர் பட்டங்கள் ஃபெராரிக்கே போயின. ஆனால் 12 சிலிண்டர் கூடுதல் பெட்ரோல் குடிக்கும், கூடுதல் ரேடியேட்டர் கேட்கும், பந்தயத் தொடக்கத்தில் அந்த எடையையெல்லாம் சுமந்துகொண்டே புறப்பட வேண்டும். காரை நிறுத்தி எரிபொருள் நிரப்பாத அந்தக் காலத்தில் இது பெரிய பாரம்.

1978-ல் லோட்டஸ் 79 வந்தபோது இன்னொன்று விளங்கியது. காரின் இரு பக்கமும் அடியில் தலைகீழ் இறக்கை போன்ற சுரங்கம் வைத்துக் காரைத் தரையோடு உறிஞ்சவைக்கும் முறை அது. அந்தச் சுரங்கத்துக்குப் பின்பக்கம் காலி இடம் வேண்டும். ஃபெராரியின் தட்டையான 12 சிலிண்டர் ஹெட்டுகள் சரியாக அந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. டி.எஃப்.வி. கீழே ஒடுங்கி மேலே விரியும், எக்ஸாஸ்ட்டும் உயரத்தில். 1967-ல் யாரும் யோசித்திராத ஒரு வேலைக்கு அதன் உடல்வாகு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்திவிட்டது.

வேறு என்னென்ன வடிவங்கள் உண்டு?

ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்த டாஸ்மன் தொடருக்கு 2.5 லிட்டர் டி.எஃப்.டபிள்யூ. அமெரிக்க ஓவல் பந்தயங்களுக்கு ஸ்ட்ரோக்கைக் குறைத்து டர்போ பூட்டிய 2.65 லிட்டர் டி.எஃப்.எக்ஸ்.; 1978 முதல் 1987 வரை இண்டியானாபொலிஸ் 500-ஐத் தொடர்ந்து பத்து வருடம் ஜெயித்தது. நீண்டதூரப் பந்தயத்துக்கு 3.3, 3.9 லிட்டர் டி.எஃப்.எல். லெ மான் 24 மணிப் பந்தயத்தை 1975-லும் 1980-லும் ஜெயித்தது 3 லிட்டர் டி.எஃப்.வி.யேதான், 1975-ல் வேகத்தைக் குறைத்துச் சாந்தப்படுத்தி ஓட்டினார்கள், அந்த அதிர்வோடு 24 மணி நேரம் என்பது சாதாரண விஷயம் அல்ல. 1985-ல் தொடங்கிய ஃபார்முலா 3000-ல் 9,000 வரம்போடு மறுவாழ்வு. 3.5 லிட்டர் விதி வந்ததும் டி.எஃப்.இசட்., டி.எஃப்.ஆர்.

டர்போதானே முடித்துவைத்தது?

ஆமாம். 1977-ல் ரெனோ கொண்டுவந்த 1.5 லிட்டர் டர்போவை முதலில் கேலி செய்தார்கள். புகைவிட்டு நிற்பதை நிறுத்தியதும் 3 லிட்டருக்கு வழி அடைந்தது. 1982-ல் கெக்கே ராஸ்பெர்க் டி.எஃப்.வி.யை வைத்துப் பட்டம் வாங்கியதே கடைசி. ஒடுங்கிய வால்வுக் கோணமும் குட்டை ஸ்ட்ரோக்குமாக டி.எஃப்.ஒய். என்று திருத்தி இறக்கினார்கள். நேர்கோடு குறைந்த டெட்ராய்ட் தெருக்களில் 1983 ஜூனில் மிக்கேல் ஆல்போரேட்டோ டிரெல் காரில் அதை வைத்து 155-வது வெற்றியை எடுத்தார்.

சாலைக் காரில் பொருத்தலாமா?

வேண்டாம். சிக்னலில் நிற்கவே தெரியாது.

பழைய என்ஜின் ஒன்றை வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

பளபளப்பைப் பார்க்காதீர்கள், காகிதத்தைப் பாருங்கள். கடைசியாகப் பிரித்த தேதி, அதன்பின் ஓடிய மணி நேரம், கிராங்க், ராடு, பிஸ்டன், ஸ்பிரிங், குடத்துத் தண்டுகள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு, டைனமோமீட்டர் தாள். கணக்கு இல்லாத என்ஜினை முழுதாகப் பிரித்துச் சேர்க்க வேண்டிய என்ஜின் என்றே விலை பேசுங்கள்.

பிறகு பிளாக்கின் எண்ணையும் பழைய ரிப்பேர்களையும் பாருங்கள். ராடு வெளியே வந்த ஓட்டையை வெல்டு வைத்து அடைத்த பிளாக்குகள் உலவுகின்றன. ஓடும், ஆனால் அந்தப் பிளாக்தான் காரின் முதுகெலும்பு என்பதால் வெல்டுக்குப் பக்கத்தில் புதிய விரிசல் இருக்கிறதா என்று சாயம் ஊற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். மெயின் பேரிங் துளைகள் ஐந்தும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று அளக்கச் சொல்லுங்கள். லைனர்கள் பிளாக் முகத்துக்கு மேலே நீட்டியிருக்கும் உயரம் எட்டிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தால் அங்கே வாயு தண்ணீருக்குள் போகும், சூடேறும்போதெல்லாம் ரேடியேட்டர் தண்ணீரைத் துப்பும். விற்பவர் அதைத் தண்ணீர் மூடி கோளாறு என்பார். மூடியை மாற்றிவிட்டு அதே நாளில் இன்னொரு முறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.